அக்கா அழுகையை நிறுத்திய வெள்ளிக்கிழமை

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்கால ஜெபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போதகர் "பாரத்தை இறக்கி வையுங்க" என்றதும் பெண்கள் முழங்கால் போட்டு வாய்விட்டு அழுவார்கள். வாரம் முழுக்க இந்தக் கேரள மலையில், வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுத்தவர்கள் அரை மணி நேரம் கதறித் தீர்ப்பார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, கட்டன் சாயா குடித்து, சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஏன் அழுதாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

என் அக்கா அழுதால் தகரக்கூரை அதிரும். ஜீப் கவிழ்ந்து அத்தான் இறந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக அப்படித்தான். மற்ற நாளில் "மனசு சரியில்ல" என்று அவள் வாயில் வரவே வராது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அது பைத்தியத்துக்குச் சொல்வது. "மேலெல்லாம் உளையுது" என்பாள், இல்லாவிட்டால் "உச்சந்தலை எரியுது" என்பாள். நாங்களும் எண்ணெய் தேய்த்துவிடுவோம்.

நான் மலையாளத்தில் படித்தவள், நர்சரி டீச்சர். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கூட வேலை பார்க்கும் மலையாளி டீச்சரின் அம்மா இறந்தபோது போயிருந்தேன். அவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். துக்கமென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டேன். சில மாதம் கழித்து அதே டீச்சர், உங்கள் ஜெபத்துக்கு நானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று சொல்ல வழியில்லாமல் கூட்டிப்போனேன். அந்த வெள்ளிக்கிழமை, முழங்கால் போட்டிருந்த அக்காவின் காதில் சொன்னேன்: "மெல்ல அழுக்கா. டீச்சர் பாக்குறாங்க."

அவள் அழுகையையே நிறுத்திவிட்டாள். அடுத்த வெள்ளியும் அழவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. "ஆண்டவர் சமாதானம் குடுத்திட்டாரு" என்றார்கள் பெண்கள். நானும் சேர்ந்து அல்லேலூயா சொன்னேன்.

பிறகு அவள் பிஞ்சுக்காயைப் பறிக்க ஆரம்பித்தாள். பதினைந்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே விளைந்த காயை மட்டும் எடுத்தவள். சூப்பர்வைசர் கூடையைக் கொட்டிக் காட்டித் திட்டியும், யாரையோ திட்டுகிறார் என்பதுபோல நின்றாளாம். சோறு வடித்துவிட்டுச் சாப்பிட மறந்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுச்சேலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கெதுக்கு இனி?" என்றாள்.

அந்த "இனி" என்னைப் பிடித்துக்கொண்டது. ஏலத்தோட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் பூச்சிமருந்து. பள்ளியில் போன் அடித்தால் அவளைப் பற்றித்தானோ என்று ஓடிப்போய் எடுப்பேன். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு சாக்குச் சொல்லி லயத்துக்கு ஓடி அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருவேன்.

ஆஸ்பத்திரியில் அவள், "கேஸ் டிரபிள்" என்றாள். டாக்டரம்மா மலையாளி, இரண்டு பேருக்கும் நடுவில் நான். அடிக்கடி அழுகிறாளா என்று கேட்டார். அக்காவிடம் கேட்காமல் நானே முந்திக்கொண்டேன்: "இல்ல டாக்டர், இப்பல்லாம் அழுறதே இல்ல." சொன்னதில் ஒரு பெருமை வேறு. அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தெரிந்த தமிழில் அக்காவோடு வெகுநேரம் பேசினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ஒற்றைக்கு, தனியா விடக்கூடாது, கேட்டோ" என்றார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூட்டிவரவும் சொன்னார். மாத்திரையை நான்தான் கையில் வைத்திருந்து கொடுக்கிறேன். அவள் பக்கத்திலேயே படுக்கிறேன்.

போன வெள்ளி ஜெபத்தில் டீச்சரும் இருந்தார். இப்போது வாரந்தவறாமல் வருகிறார். கடைசி வரிசையில் முழங்கால் போட்டு, அம்மே, அம்மே என்று கதறுகிறார். அவர் வந்ததே அதற்காகத்தான் என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை. அக்கா மட்டும் காய்ந்த கண்ணோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுக்கா, சத்தமா அழு" என்று அவள் தோளை உலுக்கினேன். அசையவில்லை. அத்தனை பேர் நடுவில் நானே அவள் மடியில் விழுந்து ஓவென்று கதறினேன்.

அக்கா என் முதுகைத் தடவினாள். குனிந்து என் காதில் சொன்னாள்:

"மெல்ல அழுடி. டீச்சர் பாக்குறாங்க."