ஏழாம் அதிகாரத்தில் திரும்பிய மகன்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் போடும் புத்தக மேசையில் யார் எதை எடுத்தாலும், விலையைச் சொல்வதற்கு முன் மாமா ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்கு?" இருபத்தாறு வருடம் கேட்டார். "எனக்குத்தான்" என்றால் பையில் போட்டுக் கொடுப்பார். "எங்க மாமியாருக்கு" என்றால் புத்தகம் அடுக்குக்கே திரும்பிவிடும்.

"பல்வலி உனக்குன்னா மருந்தை நீ குடி. அடுத்தவங்க வாயில ஊத்தாதே" என்பார். சபையில் அவருக்கு 'யாருக்கு' என்றே பட்டப்பெயர். "இந்த லட்சணத்துல கடை போட்டா ஈதான் ஓட்டணும்" என்பார் அத்தை.

என் அம்மாவின் தம்பி அவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வார நாட்களில் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை எண்ணிப் பதிவார். மேசைக்கு வரும் புத்தகம் எதையும் பென்சிலும் கையுமாகப் படித்து முடிக்காமல் விற்கமாட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். என் வாசிப்பு அந்த மேசையில்தான் தொடங்கியது. நான் ஜெபத்தைப் பற்றிய நூல்களாகவே எடுத்துக்கொண்டிருந்தபோது, "நாலு ஜெபத்துக்கு ஒரு நியாயமாவது படி பாப்பா. ஒத்தக் காலால நொண்டாதே" என்று நீதியைப் பற்றிய ஒன்றைத் திணிப்பார்.

அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா ஒருவர் எங்கள் சபைதான். வலது மணிக்கட்டில் பிறை வடிவில் சூட்டுத் தழும்பு. பக்கத்து வீட்டில் திருடிய தன் மகனைத் தானே காவல் நிலையத்தில் ஒப்படைத்தவர். தண்டனை முடிந்து வெளியே வந்தவன் வீடு திரும்பவில்லை. இதை ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் மாமாவிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் கூட்டங்களில் வம்புக்கு இடமில்லை, ஜெபக்குறிப்புக்கு உண்டு. அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் மாமா, "ஒரு சகோதரிக்காக ஜெபிக்கணும்" என்று ஆரம்பித்தார். பெயரைச் சொல்லவில்லை; மற்ற எல்லாவற்றையும் சொன்னார், தழும்பு உட்பட. போதகரும் இருந்தார்; அந்த அக்கா வந்திருக்கவில்லை. கண்ணை மூடினோம். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நானும் "ஆமென்" சொன்னேன். மாமா மனதார அழுதார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறு வருடம் கழித்துப் போதகர் இரக்கத்தையும் நீதியையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அச்சகத்திலிருந்து சனி சாயங்காலம் வந்து இறங்கியது. பாதிதான் படித்திருந்தார் மாமா; முதல் தடவையாக, முழுதாகப் படிக்காமல் மேசையில் வைத்தார். இஸ்திரி அக்கா ஒன்று வாங்கினார்.

அடுத்த ஞாயிறு அதைத் திருப்பிக் கொண்டுவந்து ஏழாம் அதிகாரத்தைப் பிரித்து வைத்தார். மருத்துவமனையில் துணி தேய்க்கும் தாய், கையில் பிறைத் தழும்பு, பெற்ற பிள்ளையை ஒப்படைத்த நீதி. அவ்வளவும் புகழ்ச்சிதான். கடைசிப் பத்தியில் மகன் மனந்திரும்பி, தாயின் காலில் விழுந்து, ஊழியத்துக்கே போய்விடுகிறான்.

"எம்பையன் திரும்பி வந்துட்டானாம்ணே. இதுல போட்டிருக்கு."

மாமா நின்றபடியே படித்தார்.

"ஐயாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மாமா.

பக்கத்தில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது.

அன்றே விற்காத பிரதிகளைக் கட்டி என் தலையில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு மாமா போதகரின் அறைக்குப் போனார்.

"இதை நான் விக்கமாட்டேங்கய்யா."

"உதாரணம் இல்லாம எப்படிப்பா எழுதறது? பேரே போடலையே."

"பேரைப் போடலை. கையைப் போட்டிருக்கீங்க."

"நீங்க சொன்னதுதானே?"

மாமா கட்டை வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் மேசையைச் சபைக் குழு வேறொருவருக்குக் கொடுத்தது. இரண்டாம் பதிப்பில் போதகர் அந்தக் கதையை எடுத்துவிட்டார். அதையும் மறைக்கக் கூடாது.

செய்தி தெரிந்து அக்கா மாமா வீட்டுக்கு வந்தார். "எனக்காகப் பேச யாருமே இருந்ததில்லண்ணே. மேசையவே விட்டுட்டீங்களே" என்றார். அடுப்பங்கரைப் பக்கமே போகாத மாமா, "டீ போடறேன்" என்று எழுந்து போனார். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அப்போதும் அவர் வெளியே வரவில்லை.

"வீட்டுக்காரருக்கு இன்னைக்குத்தான் அடுப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுது" என்றார் அத்தை. அக்காவும் சிரித்துவிட்டுப் போனார்.

"சொல்லிடுங்க மாமா" என்றேன்.

"சொல்றேன். அவ மனசு ஆறட்டும்."

இரக்கம் இப்படியும் பேசுமா, அல்லது பயம்தான் அந்தக் குரலில் பேசியதா என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. சலவைக்கூடத்தில் அவர் எண்ணும் இடத்துக்கும் அக்கா தேய்க்கும் மேசைக்கும் இருபது அடி இருக்கும். அதன்பின் நான்கு வருடத்தில் பல தடவை சொல்ல எழுந்து போனதாகவும், ஒவ்வொரு தடவையும் விரிப்பு எத்தனை என்று கேட்டுவிட்டுத் திரும்பியதாகவும் என்னிடம் சொன்னார். போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு சலவைக்கூடத்துக்குப் போய், கூட்டத்தில் சொன்னது யார் என்பதை அக்காவிடம் சொன்னேன். கையிலிருந்த விரிப்பை நான்காக மடித்துத் தேய்த்து முடித்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா அவன் வந்துட்டான்னு மட்டும் எழுதாதே" என்றார். மகன் வரவில்லை.

"மாமாவுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன்க்கா."

"நீ என்ன பண்ணினே?"

"நானும் ஆமென் சொன்னேன்."

"அதுக்கு நீ கேளு, குடுத்துடறேன்" என்று அடுத்த விரிப்பை உதறினார். "அண்ணன் கேக்க வேண்டியதை அண்ணன்தான் கேக்கணும். அது அவருக்காக நீ வாங்கிட்டுப் போற சாமான் இல்ல. கிடக்கட்டும்."