டர்போவிலேயே இருக்கட்டும்

எல்லம்மாவுக்குச் சூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சந்திரசேகரன் சார் முடிவு கட்டினார். அந்த எல்லம்மா பதினாறு வருஷம் இஸ்திரிப் பெட்டியோடு குடும்பம் நடத்தியவள். மர்பி டவுனில் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொஞ்ச வயசிலேயே ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் தேய்க்கும் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தாள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பதைப் பெட்டியில் இருக்கும் திருகைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டதே இல்லை. உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் கையே சொல்லிவிடும். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு சட்டையைத்தான் பொசுக்கினாள், அதுவும் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று கத்தியதால்.

ஒருநாள் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. எல்லம்மா செக்யூரிட்டி ஆனாள். தொம்மலூரில் பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம், அதற்கடியில் வண்டி நிறுத்த இரண்டு தளம். மேலே இருப்பவர்கள் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுடைய இடம் கீழ்த்தளம், எல்லாரும் பி-டூ என்பார்கள். உள்ளே வருகிற ஒவ்வொரு காருக்கும் அடியில் சக்கரம் வைத்த கண்ணாடியைத் தள்ளி, டார்ச் அடித்து, வெடிகுண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு வருஷத்தில் அவள் கண்டுபிடித்தது இரண்டு பூனைக்குட்டிகள், ஒற்றைச் செருப்பு ஒன்று. ஆனாலும் ஒரு காரையும் அவள் பார்க்காமல் விட்டதில்லை.

காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை ஷிஃப்ட். அந்த ஷிஃப்டில்தான் அவள் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. அவள் புருஷன் நாகேஷ் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. காலையில் அவரைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு வருவாள். மூன்று மணிக்கு பஸ் பிடித்தால் மூன்றரைக்கு வீட்டில் இருப்பாள், அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பாள். எதிர்வீட்டு ஆஞ்சலா எத்தனையோ முறை தான் கொடுப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். எல்லம்மா வரும்வரை பட்டினியாக உட்கார்ந்திருப்பார்.

செக்யூரிட்டி ஏஜென்சியில் ஒரு சட்டம் இருந்தது. ஒரே இடத்தில் இரண்டு மெமோ வாங்கினால் ஆளைத் தூக்கி நெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடோனில் போடுவார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, போக மூன்று பஸ், வர மூன்று பஸ். எல்லம்மா ஆறு வருஷமாக ஒரு மெமோவும் வாங்கியதில்லை.

இந்த நிலையில்தான் கட்டடத்துக்குப் புது மேனேஜராகச் சந்திரசேகரன் வந்து சேர்ந்தார். கரூர்க்காரர். படித்தவர், நல்லவரும்கூட. யாரையும் வாடா போடா என்று பேச மாட்டார். ஆனால் ஒரு விஷயத்தைச் சும்மா விட மட்டும் அவருக்குத் தெரியாது. வந்த இரண்டே மாதத்தில் கட்டடத்துக்குப் 'பசுமைக் கட்டடம்' என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார். அதற்காகக் கீழ்த்தளத்தில் பாதி டியூப் லைட்டுகளைக் கழற்றினார். காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறிகளை நிறுத்தினார். பூமியின் உஷ்ணம் குறைந்ததோ என்னவோ, பி-டூவில் ஏறியது.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தாளி காரை விட்டு இறங்கி, "இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். கழற்றிய டியூப் லைட்டைத் திரும்ப மாட்டலாம் என்று நமக்கெல்லாம் தோன்றும். அதனால்தான் நாம் மேனேஜர் ஆகவில்லை. சார் ஆன்லைனில் தேடி மூன்று எல்.இ.டி. டார்ச் வரவழைத்தார். கட்டைவிரல் தடிமனில்லை, கரும்புத் தடிமன். லோ, மீடியம், ஹை, அதற்கு மேலே டர்போ. டர்போவில் போட்டால் கீழ்த்தளத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பட்டப்பகலாகிவிடும்.

"ஷிஃப்ட் முழுக்க டர்போவிலேயே இருக்கட்டும், எல்லம்மா. அணைக்காதீங்க. யார் எப்ப இறங்கி வந்தாலும் வெளிச்சமா இருக்கணும்" என்றார். பேட்டரி தீர்ந்தால் மாற்றிப் போட நான்கு பேட்டரியும் கொடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நம் ஆட்கள் ஒரு புதுச் சாமானை அம்மணமாக விட்டதுண்டா? ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் இன்னொரு உறை. சார் சிவாஜி நகரில் சொல்லி, மூன்று டார்ச்சுக்கும் ரெக்ஸினில் உறை தைத்து வாங்கினார். உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்ச், வெளியே கம்பெனி முத்திரை. ஒவ்வொரு டார்ச்சையும் வேலைக்கு எடுக்கும்போது உள்ளே வைத்து, கழற்ற முடியாதபடி தைத்துவிடுவார்கள். கீறல் விழக் கூடாதாம். டார்ச்சின் உடம்பில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருந்ததே, அது சூடு வெளியே போவதற்கு என்று டப்பாவுக்குள் இருந்த காகிதத்தில் டார்ச் செய்தவன் படம் போட்டே காட்டியிருந்தான். அந்தக் காகிதத்தையும் சார் பத்திரமாக லேமினேஷன் செய்து ஃபைலில் வைத்துவிட்டார்.

முதல் நாள் பத்தாவது நிமிஷமே, உறை மூடாத கழுத்துப் பக்கம் காட்டிய எல்லம்மாவின் கை சொல்லிவிட்டது. அவள் மேலே ஏறிப் போனாள்.

"சார், டார்ச்சு ரொம்ப சுடுது சார். பொட்டிய ஃபுல்லுல வெச்சு மறந்துட்டா மாரி கீது. சொல்ப நேரம் அணைச்சு அணைச்சுப் போடறேன் சார். இல்லன்னா உள்ள இன்னாவோ வெந்துடும்."

சார் சிரித்தார். கோபமாக அல்ல, அன்பாகத்தான். அதுதான் இன்னும் எரிச்சல். "எல்லம்மா, அது பழைய குண்டு பல்பு இல்ல. எல்.இ.டி. கூல் லைட். சூடே ஆகாது. உங்களுக்குக் கைக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, க்ளவுஸ் தர்றேன்."

தடியான கையுறை வந்தது. அதைப் போட்டுக்கொண்ட பிறகு எல்லம்மாவுக்குச் சூடு தெரியவில்லை. சூடு பற்றிய புகார் இவ்வாறாக முடித்துவைக்கப்பட்டது. பதினாறு வருஷம் படித்த கைக்கு அன்றைக்கு வாய்ப்பூட்டுப் போட்டார்கள்.

இரண்டாவது வாரத்தில் முதலாவது டார்ச்சின் வெளிச்சம் நீலம் பாரித்து, மங்கி, ஒருநாள் மினுக் மினுக்கென்று அடித்துவிட்டு நின்றுபோனது. செக்யூரிட்டி சூப்பர்வைசர் மஞ்சுநாத் சம்பவப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கன்னடத்தில் 'ஹௌது சார்', தமிழில் 'ஆமா சார்', இங்கிலீஷில் 'எஸ் சார்' என்று மூன்று மொழியில் தலையாட்டத் தெரிந்தவர் அவர். அந்தப் புத்தகம் சாரின் கண்டுபிடிப்பு. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டது, கிழிக்க முடியாது. எந்தச் சாமான் கெட்டாலும் அது யார் கையில் கெட்டதோ அவர் பெயரும் காரணமும் அங்கேயே, அப்போதே எழுதப்பட வேண்டும். சார் இங்கிலீஷில் எழுதினார். என்ன எழுதினார் என்று எல்லம்மா கேட்க, மஞ்சுநாத் தயங்கிக்கொண்டே சொன்னார்: "கையாண்டவரோட கவனக்குறைவு."

முதல் மெமோ. அன்று எல்லம்மா குழம்பு ஊற்றாமலேயே சோறு பிசைந்தாள். என்ன என்று நாகேஷ் கண்ணால் கேட்டார். பஸ்ஸில் கூட்டம் என்றாள்.

இரண்டாவது டார்ச் ஒன்பது நாள்தான் தாங்கியது. வேகிற வாசனை வந்தது, அணைந்தது. புத்தகத்தில் அதே பெயர், அதே காரணம். மெமோ மட்டும் இன்னும் டைப் ஆகவில்லை. திங்கட்கிழமை நெலமங்கலம் என்று மஞ்சுநாத் காதோடு சொன்னார். எல்லம்மாவுக்குப் பயமும் இருந்தது, அதைவிட அதிகமாக அவமானம் இருந்தது. ஒற்றைச் சட்டையைப் பொசுக்கியதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறவளைப் போய்க் கவனக்குறைவு என்றால்?

"சார், சூட்டுலதான் கெட்டுச்சு. நீங்களே பாருங்க சார்" என்று போய் நின்றாள்.

சார் நியாயஸ்தர் ஆயிற்றே. சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார். நான்காவது மாடி மீட்டிங் ரூம். ஏ.சி. பதினெட்டில் ஓடியது, எல்லம்மாவுக்குக் குளிரில் பல் கிட்டியது. மூன்றாவது டார்ச்சை இன்னும் உறைக்குள் தைத்திருக்கவில்லை. அதை அப்படியே கண்ணாடி மேஜை மேல் வைத்து டர்போவில் போட்டார். மூன்று நிமிஷம் ஆனதும் விரலால் தொட்டார். "சும்மா வெதுவெதுன்னு இருக்கு. பார்த்தீங்களா?"

"ஹௌது சார்" என்றார் மஞ்சுநாத்.

எல்லம்மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "சார், நான் இங்க வேலை செய்யல சார். கீழ வாங்க. உறையப் போட்டு, உங்க கையில புடிச்சுக்கினு பத்து நிமிஷம் நில்லுங்க. அப்புறம் என்னை எங்க வேணா அனுப்புங்க, போறேன்."

சாருக்குச் சோதனைகள் பிடிக்கும், அதுவும் முடிவு முன்பே தெரிந்த சோதனைகள். சரி என்றார். டார்ச்சை உறைக்குள் வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு, மறுநாள் பதினொரு மணிக்கு பி-டூவுக்கு இறங்கி வந்தார். கையுறை வேண்டுமா என்று மஞ்சுநாத் நீட்டினார். கூல் லைட்டுக்கு எதற்குக் கையுறை என்று சார் சிரித்தார்.

ஐந்து நிமிஷம் வரை சார் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, விசிறி இல்லாத இடம். ஸ்பாஞ்ச் வைத்த உறை சூட்டை உள்ளேயே கட்டிப்போட்டது, வெளியே கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது நிமிஷம் பேச்சு குறைந்தது. ஒன்பதாவது நிமிஷம் வெளிச்சம் ஒரு வெட்டு வெட்டியது. என்ன என்று பார்க்கப் புரட்டியவர், உறை மூடாத கழுத்துப் பக்கம் உலோகத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துவிட்டார்.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு உதறினார். டார்ச் சிமெண்டுத் தரையில் விழுந்து, முகக்கண்ணாடி தெறித்து, அணைந்தது. பி-டூ பழையபடி இருண்டது.

எல்லம்மா முதலில் ஓடிப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவர் கையில் ஊற்றினாள். "ஊதாதீங்க சார், தண்ணியிலயே வெச்சுக்குங்க. நானும் சுட்டுக்கினவதான்."

மஞ்சுநாத் அந்த நேரத்தில் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். சம்பவப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "யாரு கையில கெட்டுதோ அவரு பேரு, அங்கயே, அப்பவே. நீங்க சொன்ன ரூல் சார்."

சார் புத்தகத்தைப் பார்த்தார். மேலே இருந்த கேமராவைப் பார்த்தார். அதுவும் அவர் வைத்ததுதான். பக்கம் நம்பரைப் பார்த்தார். சுட்ட கையால் பேனாவைப் பிடித்துத் தன் பெயரை எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மேலே இரண்டு வரியில் அவரே அழகாக எழுதியிருந்த காரணம் அவரைப் பார்த்தது. ரொம்ப நேரம் யோசித்து வேறொன்று எழுதினார்.

"இன்னா எழுதிகீறாரு?" என்று எல்லம்மா மஞ்சுநாத்தைக் கேட்டாள்.

"தொடர்ந்து அதிகச் சூடு ஆனதால பழுது. கையாண்டவர் தப்பு இல்ல."

"நல்லா எழுதிகீறீங்க சார்" என்றாள் எல்லம்மா. குரலில் கேலியே இல்லை, அதுதான் சாரை என்னவோ செய்தது. "அதையே மேல ரெண்டு வரியிலயும் எழுதிடுங்க. அதே டார்ச்சு, அதே உறை. கையி மட்டும்தான் வேற."

மஞ்சுநாத் வாயைத் திறந்தார். எந்த மொழியில் ஆமாம் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

சார் பழைய வரிகளை அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், திருத்தி எழுதத் தொடங்கினார். கை எரிந்ததால் எழுத்து கோணியது. வெளிச்சமும் போதவில்லை. "யாராவது கொஞ்சம் லைட் காட்டுங்களேன்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எல்லம்மா தன் பையில் கைவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய பிளாஸ்டிக் டார்ச்சை எடுத்தாள். ஆறு வருஷம் அதை வைத்துத்தான் காருக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளாய், சன்னமாய், புத்தகத்தின் அந்த இரண்டு வரிக்குப் போதுமான வெளிச்சம் விழுந்தது. மணி பதினொன்றரை. மூன்றரைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

"நிதானமா எழுதுங்க சார்" என்றாள். "இது சூடாகாது."