மச்சான் வருவதற்குள் பேச வைக்க வேண்டும்

பார்வை போன பிறகு நான் எழுதுவதெல்லாம் ஒரு பேசும் எடிட்டரில்தான். தட்டுகிற எழுத்தைச் சொல்லும், எழுதிய வரியை வாசித்துக் காட்டும். அது வருவதற்கு முன்னால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினாள். அந்த நாட்களில் அவள் வீட்டாரைப் பற்றிக் கிண்டலாக ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை. இலக்கியத்துக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. எனக்குத்தான்.

சித்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒரே கூடம். எழுதுவதும் அங்கே, டிவியும் அங்கே. காதில் எதையாவது மாட்டிக்கொண்டாலும் சத்தம் கசியும். அதனால் எடிட்டர் பேசும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இப்போது அது வாசிப்பது மற்றவர்களுக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்குமாம். எனக்கு மட்டும் புரியும். கண் தெரியாதவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது என்றால் இப்படித்தான்.

ஒரு நாள் காலை எடிட்டரைத் திறந்தேன். அது பேசவில்லை.

லேப்டாப்பின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. உள்ளே விசிறி ஓடியது. உயிர் இருக்கிறது, வாய்தான் இல்லை. மறுபடி திறந்தேன், அணைத்தேன், திறந்தேன். படித்தவன் முதலில் செய்வது அதைத்தான். இரண்டாவதாகச் செய்வதும் அதையே.

"தம்பிக்கு போன் பண்ணட்டா?" என்றாள் மனைவி.

அவள் தம்பிக்குத் திருப்பதியில் செல்போன் கடை. குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முன்பெல்லாம் எடிட்டர் மக்கர் செய்தால் அவனைத்தான் கூப்பிடுவேன். "நாயுடுபேட்டையில கீறேன் மாமா, ஒரு கல்யாணம்" என்பான். நாயுடுபேட்டைக்காரர்கள் விடாமல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்வேன். வேறு வழியில்லாமல், எடிட்டரின் கையேட்டைப் போனில் வாசிக்கவிட்டு நானே கற்க ஆரம்பித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி மறுநாள் மறந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய மூளை இதற்கு மேல் எதையும் வாங்கிக்கொள்வதாக இல்லை.

"வேணாம். அவன் நாயுடுபேட்டையில இருப்பான்" என்றேன்.

"இல்லீங்க, இன்னிக்கு சித்தூருக்கே வரானாம். சாயங்காலம் வந்து பாக்கறேன்னு சொல்லிட்டான்." கேட்பதற்கு முன்பே போன் செய்து முடித்திருந்தாள்.

நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த கட்டுரை அவனைப் பற்றியது. எடிட்டரைத் திறந்தால் கடைசியாக எழுதிய கோப்பு தானாக முன்னால் வந்து நிற்கும். அந்த வசதியைச் செய்துவைத்த புத்திசாலியும் நான்தான். அழித்துவிடலாம். ஆனால் ஊமை இயந்திரத்தில் எதை அழிக்கிறேன் என்று எனக்கு யார் சொல்வது? அவன் படித்துவிட்டால் அப்புறம் நான் என்ன எழுதினாலும் வீடு எட்டிப் பார்க்கும். மறுபடி மனைவிக்குச் சொல்லச் சொல்ல எழுதும் காலம்தான். சாயங்காலத்துக்குள் நானே அதன் வாயைத் திறந்தாக வேண்டும்.

பேசுவது எடிட்டர் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் குரல் நிரல் என்று கையேட்டில் கேட்ட ஞாபகம். அந்த நிரலை நேரடியாகக் கூப்பிடும் கட்டளையைத் தடவித் தடவித் தட்டினேன். ஒன்றுமில்லை. எங்கோ விரல் தப்பியிருக்கும். மறுபடி தட்டினேன். "வணக்கம்" என்றது. ஆக, பேசுகிறவன் நன்றாகத்தான் இருக்கிறான். அவனைப் பேசச் சொல்ல வேண்டியவன்தான் சொல்லவில்லை. சந்தோஷப்படத் தெம்பில்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

எழுந்தபோது மச்சான் கூடத்தில் இருந்தான்.

"தள்ளு மாமா, ரெண்டு நிமிசத்துல பாத்துட்றேன்."

"காபி குடி. இதோ முடிஞ்சுது" என்று அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

நானாகச் செய்துவைத்த அமைப்புகள் எதையும் ஏற்றாமல், பேச்சை மட்டும் ஏற்றி எடிட்டரைக் கிளப்ப ஒரு வழி உண்டு. கோளாறு என் அமைப்பில் இருந்தால் அப்போது பேசும். காது வலித்ததால் அதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி வைத்தேன். கட்டளையைத் தட்டினேன். விரல்கள் பழக்க தோஷத்தில் அந்தக் கட்டுரையையே திறந்தன.

பேசியது. என் அமைப்பு இல்லை என்றால் என் வேகமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்கு டிக்டேஷன் கொடுப்பது போல நிறுத்தி நிதானமாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தது: "திருப்பதியில் சொந்த வீடு உள்ளவன் வீட்டுக்காரன் அல்ல, சத்திரக்காரன். தரிசனத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் போன் செய்தால் என் மச்சான் எப்போதும் வெளியூரில் இருப்பான். அவனுக்குப் பின்னால் மட்டும் திருப்பதி மலையடிவாரத்துக்கு ஆள் பிடிக்கும் ஆட்டோக்காரர் அலிபிரி, அலிபிரி என்று கூவிக்கொண்டிருப்பார்."

நிறுத்தும் சாவி எது என்று மறந்துபோயிற்று. அது முடித்துவிட்டுத்தான் நின்றது. சமையலறையில் மிக்ஸியும் நின்றது.

"அப்பறம்?" என்றான் மச்சான்.

"அவ்ளோதான் எழுதியிருக்கேன்."

"வெளியூர்னு மொட்டையா சொன்னா எவனும் நம்ப மாட்டான் மாமா. ஊர் பேரு சொல்லணும். நான் நாயுடுபேட்டைம்பேன்."

"அப்ப எனக்கு சொன்னது?"

"நீ போன் பண்ணா லேசுல வெக்கறியா? கடைல கஸ்டமர் நின்னுக்கினு கீறான், நீ விசிறி எப்டி சுத்துதுன்னு சொல்லிக்கினு கீறே."

"எனக்கும் அதேதானாடா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவன் அக்கா.

"இல்லக்கா. உனுக்கு காளஹஸ்தி."

அவன் கோபிக்கவில்லை. இரண்டாவது காபி கேட்டான். நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன். என் அமைப்புக் கோப்பில் பாதியை எடிட்டர் படிக்காதபடி மறைத்துவைத்துக் கிளப்பினேன், பேசவில்லை. மற்றப் பாதியை மறைத்தேன், பேசியது. அந்தப் பாதியில் பாதி, அதில் பாதி என்று போனால் கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. எங்கள் ஊர்க்காரர்கள் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்களே, அதை அப்படியே எழுதினால் தெலுங்கைத் தெலுங்குக் குரலில் வாசிக்கட்டும் என்று நானே ஆசையாகச் சேர்த்த வரி. அண்மையில் வந்த ஏதோ ஒரு அப்டேட் அந்தத் தெலுங்குக் குரலை எடுத்துவிட்டிருக்கிறது. அது வராமல் தமிழ்க் குரலும் வாயைத் திறப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறது. வரியை எடுத்தேன். எடிட்டரை முறைப்படி திறந்தேன்.

தகர டப்பாவில் கல் உருண்டது.

"இப்ப இன்னா சொல்லுது மாமா?"

"கோப்பு பேரு."

தோள் வலித்தது. எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தாலும் 'வெளியூரில்' என்பதை எடுத்துவிட்டு, 'நாயுடுபேட்டையில்' என்று தட்டி, வரியை ஒருமுறை வாசிக்கவிட்டேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தான்.