ரவிக்கை அளவில் ஓர் அத்தியாயம்

அந்தத் தாள் ரவிக்கைக் கையின் வடிவத்தில் இருந்தது. தோள் பக்கம் வளைந்து முழங்கை நோக்கிக் குறுகிய அதன்மேல் தட்டச்சு எழுத்துகள் நெருக்கமாக ஓடின. பொதுத்துறை ஆலைகள் லாபம் ஈட்டத்தான் வேண்டுமா என்று தொடங்கிய வாக்கியம் அக்குளருகே அறுபட்டிருந்தது.

எண்பதுகளில் ஐதராபாத்தின் ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மறைந்த பொருளாதார அறிஞர்களின் தாள்களை வாங்கி, துருவேறிய குண்டூசிகளை நீக்கி, உறைகளில் இட்டு எண் போடுவது என் பொறுப்பு. சைனிக்புரியில் வாழ்ந்து மறைந்த பேராசிரியர் ஒருவரின் பெட்டிகளில் அவர் அச்சிடாமல் விட்டுப்போன நூல் கிடைத்தது. நான்காம் அத்தியாயம் மட்டும் இல்லை. அவர் மனைவியிடம் விசாரித்தேன். மறுநாளே துணிப்பையோடு வந்துவிட்டார்.

"நீ தேடறது இதுதானான்னு பாரும்மா" என்று மேசையில் பரப்பினார். இரண்டிரண்டு தாள்களை மைதாப் பசையால் ஒட்டி, ரவிக்கை தைப்பதற்கான அளவுத் தாள்களாக வெட்டியிருந்தார். கைகள், முதுகு, முன்பக்கங்கள். "வேண்டாத காகிதம்னு நினைச்சேன். புஸ்தகம் முடியலை, முடியலைன்னு கடைசிவரைக்கும் புலம்பினார். நான்தான் கெடுத்திருக்கேன்."

"நக்கோ மாமி, அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குப் பதற்றத்தில் 'வேண்டாம்' என்பது ஐதராபாத் உருதுவில்தான் வரும்.

"நக்கோவாம்! ஆறுதலை ஏதாவது ஒரு பாஷையில முழுசாச் சொல்லேன்" என்றார். சிரிக்க முயன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரைப் பார்க்க முடியாமல் தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் தட்டச்சு வரிகளுக்குக் குறுக்கே நீல மையில் தமிழில் எழுதியிருந்தது: வலது கை, இடது கை, முதுகு. பல மாதங்களாக நான் படித்துவந்த சாய்ந்த கையெழுத்து அது.

"மாமி, இதெல்லாம் யார் எழுதினது?"

"அவர்தான். எனக்கு ஒரு கையில கத்தரி, இன்னொரு கையில தாள். வலது எது, இடது எதுன்னு மாறிப்போயிடும். எழுதுங்கோன்னு நீட்டுவேன், பேனாவைத் திறந்து எழுதுவார்." முதுகுத் தாளை எடுத்து, நீல எழுத்துக்கு அடியில் ஓடிய தட்டச்சு வரிகளைப் பார்த்தார். "அப்போ பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கார். ஒரு வார்த்தை சொல்லலையே, இந்த மனுஷன்."

அந்த அத்தியாயத்தைப் பேராசிரியரே ஒதுக்கியிருந்தாரா, வெட்டியானபின் சொல்ல மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது. மாமி தாள்களைக் கொடுக்கச் சம்மதித்தார், ஆனால் உடனே அல்ல. அல்வாலில் இருந்த மகளுக்கு ஒரு ரவிக்கை தைக்க வேண்டியிருந்தது. படிப்பறை மேசையிலேயே உட்கார்ந்து, என் பென்சிலால் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் வரைந்துகொண்டார். ஓரம் கசங்காமல் நான் பிடித்துக்கொண்டேன்.

இன்று ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் அந்த உறையைத் திறந்ததும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு வரிகளைக் கோத்துப் படித்துவிட்டு, நடுவில் ஒரு பத்தி காணவில்லையே என்று கேட்கிறார்கள். மாமி புறப்படும்போது சொல்லிவிட்டுப் போன பதிலையே சொல்கிறேன்: "அது கழுத்து. வெட்டி எறிஞ்சாச்சு."