பூச்சி மூத்திரம்

கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவரின் மூத்த மகள் அஷ்வினி. அந்த வீட்டில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பப் பழகியது அங்கேதான். கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த சில மாதங்களில், தேடியும் காரணம் பிடிபடாத ஒன்று அவளுடைய உடம்பிலேயே வந்தது.

முதலில் எரிவு. ஒன்றுக்குப் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள். உடைந்து, காய்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மறைந்தன. அடுத்த மாதம் அதே இடத்தில் திரும்பவும் வந்தன. காலி வீதி மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பு கொடுத்தார்கள். கணவனின் தாய், மாமி றஞ்சிதம், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வைத்தியம் சொன்னாள்.

"சூடு பிள்ளை. நாள் முழுக்கக் கதிரையில குந்தியிருந்தா வேற என்ன வரும்? தம்பிலி இளநீர் வாங்கிக் குடியும்."

குடித்தாள். எரிவு போகவில்லை.

வேலை செய்யும் இன்சூரன்ஸ் கொம்பனியில், சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினாள். ஹெர்பீஸ் என்ற சொல் வந்தது. அதற்கு மேல் அவள் வாசித்ததெல்லாம் ஒரு கேள்வியைத்தான் கொண்டுவந்தது: எங்கிருந்து? கம்பஸில் ஒருவனை விரும்பியிருந்தாள். அவனிடமிருந்தென்றால் கணவன் தியாகுவுக்கும் நான் கொடுத்துவிட்டேனா? தியாகுவிடமிருந்தென்றால் அவனுக்கு யார் கொடுத்தது? மாறி மாறிக் கேட்டுப் பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் இருந்தது மனம். கடித்தாலும் தெரியாது.

தியாகு கிட்ட வந்தால் தலையிடி என்றாள்.

"இன்சூரன்ஸ்காரருக்கெல்லாம் தலையிடியோ, உமக்கு மட்டுமோ?" என்றான் அவன், பகிடியாகத்தான்.

கடைசியில் அரை நாள் லீவு போட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். "நங்கி, எண்ட" என்று தாதி சிங்களத்தில் கையசைத்து உள்ளே கூப்பிட்டாள். புண்ணைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் ஒரு தமிழ் டொக்டர் அம்மா சொன்னார்:

"ஹெர்பீஸ்தான். வழமையா வாயில வாற வகை. வாயால நெருங்கினா கீழயும் வரும். ஹஸ்பண்டுக்கு உதட்டில கொப்புளம் வாறதோ?"

அஷ்வினிக்குக் கலியாண அல்பம் ஞாபகம் வந்தது. எல்லாப் படத்திலும் தியாகு முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான். கீழுதட்டு ஓரத்தில் கொப்புளம். "சின்னனில இருந்தே இப்பிடித்தான். நித்திரையில பூச்சி மூத்திரம் பெஞ்சிடும்" என்று மாமி வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். கலியாண வீட்டு அறைக்குப் பூச்சிமருந்துகூட அடித்தார்கள்.

"அப்ப அவருக்கு வேற ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

"அதை நான் சொல்லேலாது. சின்ன வயசில ஆரும் வாய் வைச்சுக் கொஞ்சினதாலயும் வந்திருக்கும். உங்களுக்கே முதல்ல இருந்திருக்கலாம். ஆரிட்ட இருந்து, எப்ப எண்டெல்லாம் இந்த டெஸ்ட் சொல்லாது. குளிசை போட்டா அடங்கும், முழுசாப் போகாது. அவரோட கதையுங்கோ. மற்றது, உதட்டில புண்ணோட பச்சைப்பிள்ளையளைக் கொஞ்சக்கூடாது. அதுகளுக்கு உயிராபத்து."

கதைக்கவில்லை. எப்படித் தொடங்கினாலும் முதல் வசனத்திலேயே யாரோ ஒருவர் குற்றவாளி ஆனார்கள். குளிசைப் பெட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள்.

தியாகுவின் தங்கை ரமணிக்குப் பிள்ளை பிறந்து, துடக்குக் கழிக்கும் முப்பத்தொண்டுக்கு ஹெவ்லொக் டவுனுக்குப் போனார்கள். தியாகு காய்ச்சலிலிருந்து எழும்பியிருந்தான். உதட்டில் கொப்புளம். ரமணி பிள்ளையை அவனுடைய கையில் வைத்தாள். அவன் முத்தமிட முகத்தைத் தாழ்த்தினான்.

"கொஞ்சாதேங்கோ!"

அவ்வளவு சத்தமாக வருமென்று அஷ்வினியே நினைக்கவில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன் பிள்ளை, கண்பட்டிடுமோ?" மாமி சிரித்தாள்.

"உதட்டில இருக்கிறது பிள்ளைக்குத் தொத்தும், மாமி."

"இதோ? இது பூச்சி மூத்திரமெல்லே!"

"பூச்சி இல்லை. கிருமி. டொக்டர் சொன்னவ."

ரமணி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"எந்த டொக்டர்? நீர் எப்ப போனனீர்?" என்றான் தியாகு.

அஷ்வினி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். அவன் பின்னால் வந்தான்.

"என்ர உதட்டைப் பற்றிக் கேக்கவோ டொக்டரிட்டப் போனனீர்?"

"இல்லை. எனக்குக் காட்ட."

"உம்மட உதட்டில ஒண்டும் இல்லையே."

"உதட்டில இல்லை."

அவனுடைய விரல் கொப்புளத்தின்மேல் போய் அப்படியே நின்றது. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். யாரிடமிருந்து என்று அவன் கேட்டால், தெரியாது, டொக்டருக்கும் தெரியாது என்று சொல்வதற்கு அவளிடம் வசனம் இருந்தது.

"நோகுதோ?" என்றான் தியாகு.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓம்" என்றாள்.