என் முகத்தை எடுத்தவர்

வெளிநாடு வந்து, லாசால் என்ற ஊரில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், தொண்ணூறைத் தாண்டிய ஜெர்மன்காரர் ஒருவர் இருந்தார். சிறுவயதில் பேசாப் படங்களில் நடித்தவர். படங்கள் பேசத் தொடங்கியதும் வேலை இழந்தவர். காலையில் புருவத்துக்கு மை தீட்டி, கண்டவர் முகங்களையெல்லாம் கண்ணாடியில் நடித்துப் பார்ப்பார்.

ஒருநாள் அவருக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது, மன்னாரில் தம்பி செத்த செய்தி தொலைபேசியில் வந்தது. அவர் என்னையே உற்றுப் பார்த்தபடி இருந்தார்.

அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பினேன்.

"அந்தக் கிழவன்ரை அறைக்குள்ளை போகாதேங்கோ அண்ணை," என்றாள் உடன் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண். "மனிசன் உங்களைத்தான் நடிச்சுக்கொண்டிருக்கு."

போனேன். கண்ணாடியில், அவர் முகத்தில், என் வாய் கோணிக் கிடந்தது.

"அன்று உன் வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருந்ததோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார், கூச்சமே இல்லாமல்.

தம்பிக்காக நான் அழுத முகத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. அவர் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை.