ஆடி கழியட்டும் என்றேன்

அண்ணனுடைய சிவப்புக் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். இருபது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷன், என் வீட்டோடு இருந்துகொண்டு அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். அதற்காக நான் அவரைத் திட்டாத நாளில்லை.

இந்த வருஷம் சர்க்கரை அவர் கண்ணில் கை வைத்தது. பார்வை இன்னும் சில மாசம் தாங்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேரையூர் ரோட்டுல விடிஞ்சதும் ஒரே ஒரு தடவ ஓட்டிட்டு சாவிய ஒங்கிட்ட குடுத்துர்றேன் தாயி. டயர் மட்டும் மாத்தணும்."

வண்டி நின்றே கிடந்ததில் டயர் நான்கும் வெடிப்பு விட்டிருந்தன. ரோட்டில் பதியும் பட்டன் என்னவோ தேயாமல் அப்படியே இருந்தது. "பட்டனப் பாத்து ஏமாந்துராத. பக்கவாட்டுல நாலு நம்பர் பொடச்சிருக்கும். எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு இருக்கும். ரப்பர் பழசுன்னா ஓட்டையில வெடிச்சிரும். அதப் பாத்து வாங்கு" என்று என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார்.

ஆரப்பாளையத்தில் நான் ஏறாத டயர் கடை இல்லை. இந்தக் காருக்கு முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. "இம்புட்டு அகலமா? டிராக்டர் கடையில கேளுங்கக்கா" என்று ஒருவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு கடைக்காரர் போன் போட்டுப் பேசினார். கோயம்புத்தூரில் நான்கும் இருக்கிறது, இந்த வருஷம் செய்தது, சரி என்றால் நாளைக்கே வந்துவிடும் என்றார்.

ஆடி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் ஆடியில் ஒரு முறம்கூடப் புதிதாக வாங்க மாட்டோம்.

"ஆடி கழியட்டும் தம்பி. ஆவணி மொத வெள்ளிக்கெழம எடுத்துக்கிறேன்."

"டயருக்கு என்னத்த ஆடி, ஆவணி?" என்று அண்ணன் முனகினார். கண் விஷயம், சாமி குத்தம் வேண்டாம் என்று அவர் வாயை அடைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினெட்டாம் பெருக்கு முடிந்த வாரம், ஒரு காலையில் காப்பியை நீட்டினேன். டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். "நெழலாத்தான் தெரியுது" என்றார்.

அதற்கப்புறம் ஆடியாவது ஒன்றாவது, கடைக்கு ஓடினேன். அந்த நான்கும் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தன. டயர் மாட்டிவிட்டால் பார்வையும் திரும்பிவிடும் என்று எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. கெஞ்சினேன். கடைக்காரர் எங்கெங்கோ கேட்டு அதே அளவில் நான்கு வரவழைத்து, ஆளனுப்பி வீட்டிலேயே மாட்டிக் கொடுத்தார். கறுகறுவென்று பட்டன் நிமிர்ந்து நின்றது. சந்தோஷத்தில் நான்கு டயருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். நம்பரைப் பார்க்கும் நினைப்பே எனக்கு வரவில்லை.

அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். முன் டயரருகே குத்தவைத்து உட்கார்ந்து தடவிப் பார்த்தார். சந்தனத்தை வழித்துக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கேயே திரும்பத் திரும்பத் தடவினார்.

"இது செஞ்சு எட்டு வருஷமாச்சு தாயி."

குனிந்து பார்த்தேன். நான் பொட்டு வைத்த இடத்துக்கு அடியில்தான் அந்த நான்கு எண்களும் இருந்தன. கண்ணிருந்தும் குருடி நான்.

"திருப்பிக் குடுத்துர்றேண்ணே. வேற எங்கயாச்சும் கெடைக்கும்ணே" என்று அழுதேன்.

"எதுக்கு? நிக்கிற வண்டிக்கு இது போதும்."

கையில் ஒட்டிய சந்தனத்தை வேட்டியில் துடைத்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து, நான் இருப்பதாக நினைத்த பக்கம் நீட்டினார். சுற்றிக்கொண்டு போய் வாங்கிக்கொண்டேன்.